லயத்துக்கும் கொழும்புக்கும் நடுவே ஒரு கடைவீதி

கொழும்பில் ஒரு புடைவைக் கடையிலோ சாப்பாட்டுக் கடையிலோ வேலை செய்யும் மலையக இளைஞனிடம், "தம்பிக்கு எந்த ஊர்?" என்று கேட்டுப் பாருங்கள். "யட்டியாந்தோட்டை" என்பான், அல்லது "அவிசாவளை", "இரத்தினபுரி" என்பான். தோட்டத்தின் பெயரை முதலிற் சொல்பவன் அரியன். மேலும் இரண்டு கேள்விகள் கேட்ட பின்னரே அது வெளிவரும். டிவிசனின் பெயர் அதற்கும் பிறகு. அவன் எதையும் மறைப்பதாக நாம் கருதலாகாது. அந்நியன் ஒருவன் முன் தன்னை நிறுத்திக்கொள்ள அவனுக்குக் கிடைத்துள்ள முகவரி அந்தக் கடைவீதி ஒன்றுதான்.

இனி நமது மலையகச் சிறுகதைத் தொகுதி ஒன்றைக் கையிலெடுத்து அதே கேள்வியைக் கேட்போம். லயம் என்று பதில் வரும். பிரட்டுக் களம், கொழுந்து மடுவம், துரை பங்களா என்று பதில் வரும். கடைவீதியின் பெயர் வராது. வந்தாலும், கடன் வாங்கப்பட்ட இடமாகவோ சாராயம் குடிக்கப்பட்ட இடமாகவோ ஒரு வாக்கியத்தில் வந்து மறைந்துவிடும்.

வாழ்க்கை ஒரு பதிலையும் இலக்கியம் வேறொரு பதிலையும் சொல்லும்போது, விமர்சகன் அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து பார்க்கக் கடமைப்பட்டவன். நமது முன்னோடிகளின் புகழைக் குறைப்பது இதன் நோக்கமன்று. அவர்கள் வந்து நின்ற இடத்திலிருந்து இறங்கி நடக்கவேண்டிய பாதை எது என்பதே நம்முன் உள்ள வினா.

*

முதலில் அந்த ஊரைப் பார்ப்போம்.

யட்டியாந்தோட்டை என்ற பெயரில் தமிழ்ச் செவிக்குத் "தோட்டம்" கேட்கிறது. உண்மையில் அங்கே ஒலிப்பது துறை. ஆற்றுத்துறையைக் குறிக்கும் "தொட்ட" என்ற சிங்களச் சொல்லே அம்பாந்தோட்டையின் ஈற்றிலும் இவ்வூரின் ஈற்றிலும் தமிழில் "தோட்டை" ஆயிற்று. பெயரே ஊரின் வரலாற்றைச் சொல்லிவிடுகிறது. களனி கங்கை வழியே கொழும்பிலிருந்து பாறுப் படகுகள் ஏறிவரக்கூடிய மேலெல்லையாக இத்துறை இருந்தது. கோப்பிக் காலத்தில் மலையிலிருந்து மாட்டுவண்டிகளில் இறங்கிய சரக்கு இங்கே படகேறியது. கொழும்பின் அரிசி இங்கே வண்டியேறியது. தோட்டங்கள் பெருகுவதற்கு முன்பே இது ஒரு சந்திப்பிடம்.

பின்னர் புகையிரதம் வந்தது. இரண்டரை அடி அகலமுள்ள சிறு தண்டவாளத்தில் களனிப் பள்ளத்தாக்குப் பாதை 1902இல் அவிசாவளையை எட்டியது. அடுத்த ஆண்டே அதன் கிளை யட்டியாந்தோட்டைக்கு வந்து முடிந்தது. பாதை முடியும் இடத்தில் கடை முளைப்பது எங்குமுள்ள வழக்கம். தேயிலைப் பெட்டியும் இறப்பர் கட்டும் கீழே போயின. அரிசி, கருவாடு, சீத்தை, மண்ணெண்ணெய் மேலே வந்தன. இறக்குவோன், ஏற்றுவோன், கணக்கெழுதுவோன், கடன் கொடுப்போன் என்று ஒரு முழுச் சமுதாயம் அந்தத் தண்டவாள முனையில் உருவாயிற்று. தமிழ்நாட்டிலிருந்து வந்த வணிகர், முஸ்லிம் வியாபாரிகள், சிங்களக் கடைக்காரர் மூவரும் ஒரே வீதியில் கடை விரித்தனர்.

போர்க்காலமான 1942இல் அந்தக் கிளைப் பாதை மூடப்பட்டது. பாதையால் வளர்ந்த ஊர் பாதையோடு சாகவேண்டும் என்பது கணக்கு. ஆனால் அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் ஏறும் பெருவீதி ஊரின் நடுவே சென்றது. லொறியும் பஸ்ஸும் தண்டவாளத்தின் வேலையை ஏற்றன. கொரிய யுத்தக் காலத்தில் இறப்பர் விலை உயர்ந்தது. 1952இல் சீனத்துடன் அரிசி-இறப்பர் ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பருக்கு 270,000 தொன் அரிசி என்பது அதன் சாரம். ஒரு தொழிலாளி அதிகாலையில் மரத்தைக் கீறி வடித்த பால் பீக்கிங் வரை போய், அவன் தட்டில் சோறாகத் திரும்பி வந்தது. உலகப் பொருளாதாரத்தின் சக்கரம் சுழல்வதை இந்தக் கடைவீதியின் அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்று கண்ணாற் காணமுடிந்தது.

அதற்குப் பிறகும் ஊர் சாய்ந்தது. எழுபதுகளின் பஞ்சம் வந்தது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையானபோது பழைய கொடுக்கல் வாங்கல் முறைகள் குலைந்தன. 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் சப்ரகமுவத் தமிழரை உலுக்கின. தோட்டங்களையும் கடைகளையும் விட்டு வவுனியாவுக்கும் இந்தியாவுக்கும் போனோர் பலர்.

இன்று வீதி மறுபடியும் நிறைந்திருக்கிறது. கொழும்பிலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரப் பயணம். கைத்தொலைபேசிக் கடை, தங்க நகை அடகு நிலையம், மருந்துக் கடை, தனியார் வகுப்பு, முச்சக்கர வண்டித் தரிப்பிடம், மேலே கித்துல்கலைக்குப் படகுச் சவாரி போவோருக்கான விளம்பரப் பலகை ஆகிய அனைத்தும் உண்டு. புத்துயிர் பெற்ற சந்தை நகரம் என்று இதனைத் தாராளமாக அழைக்கலாம். ஆயினும் "புத்துயிர்" என்ற சொல்லை ஏற்குமுன், அந்த உயிரின் மூச்சுக்காற்று யாருடைய நெஞ்சிலிருந்து வருகிறது என்று கேட்பது முற்போக்கு எழுத்தாளனின் முதற் கடமை.

அந்த மூச்சு சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் வருகிறது. கொழும்புக் கடைகளில் நின்று மாதத்துக்கொருமுறை பணம் அனுப்பும் பிள்ளைகளிடமிருந்தும், மத்திய கிழக்கு வீடுகளில் பாத்திரம் கழுவும் தாய்மாரிடமிருந்தும் வருகிறது. தோட்டச் சம்பளத்தில் மட்டும் இந்த வீதி இவ்வளவு பிரகாசமாக எரியமுடியாது. 1000 ரூபா நாட்சம்பளத்துக்காக எத்தனையோ ஆண்டுகள் போராடி, 2021இலேயே அதைச் சம்பளச் சபையின் மூலம் பெற்ற மக்கள் இவர்கள். 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ஆவதற்குள், 2022ஆம் ஆண்டின் விலையேற்றம் அந்த ஆயிரத்தை உண்டு முடித்திருந்தது. ஆகவே கடைவீதியின் வெளிச்சம் லயத்தின் வளத்துக்குச் சான்றாகாது. லயத்தை விட்டு எத்தனை பேர் வெளியேறியிருக்கிறார்கள் என்பதையே அது காட்டுகிறது.

*

இத்தகைய ஓர் இடத்தை நமது இலக்கியம் எவ்வாறு கண்டது?

மலையகத்தை முதன்முதலில் அழுத்தமாகத் தமிழ்ச் சிறுகதைக்குள் கொண்டுவந்த படைப்புகளில் ஒன்று புதுமைப்பித்தனின் "துன்பக்கேணி" (1935). இலங்கைக்கு வராமலே எழுதப்பட்டது அது. தென்பாண்டிச் சீமையின் சேரியையும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தையும் ஒரே துன்பத்தின் இரு கரைகளாக அது கண்டது. அதன்பின் சி.வி. வேலுப்பிள்ளை வந்தார். தோட்டத்திலேயே பிறந்து, 1947இல் தலவாக்கொல்லையின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்று, பின் தன் மக்களோடு சேர்ந்து தெருவில் நிறுத்தப்பட்டவர் அவர். அவருடைய "வீடற்றவன்" தொழிற்சங்கம் தோட்டத்தில் வேரூன்றிய காலத்தைக் களமாகக் கொண்டது. கோகிலம் சுப்பையாவின் "தூரத்துப் பச்சை" (1964), யோ. பெனடிக்ற் பாலனின் "சொந்தக்காரன்" (1968), தெளிவத்தை ஜோசப்பின் "காலங்கள் சாவதில்லை" (1974), தி. ஞானசேகரனின் "குருதிமலை" (1979) என்று நாவல் வரிசை வளர்ந்தது. 1971இல் வெளிவந்த "கதைக்கனிகள்" தொகுதி, மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் நடத்திய சிறுகதைப் போட்டிகளின் விளைச்சலைத் திரட்டித் தந்தது.

இவர்கள் செய்த பணி சிறிதன்று. "கூலி" என்ற ஒரே சொல்லுக்குள் அடைக்கப்பட்டிருந்த மக்களை, பெயரும் முகமும் கோபமும் வெட்கமும் உடைய மனிதர்களாக நிறுத்தினார்கள். என்.எஸ்.எம். ராமையாவின் "ஒரு கூடைக் கொழுந்து" கதையை நினைத்துப் பாருங்கள். ஒரு பெண் பறித்த கொழுந்தின் நிறை சந்தேகிக்கப்படுகிறது. அவ்வளவுதான் நிகழ்ச்சி. அந்தச் சந்தேகத்திலிருந்து உழைப்பின் கௌரவம் என்ற பெரும் பொருள் எழுந்து நிற்கிறது. தெளிவத்தையின் "மீன்கள்" ஒற்றைக் காம்பராவில் வாழும் ஒரு குடும்பத்தின் சொல்லமுடியாத வெட்கத்தைச் சொல்லிவிடுகிறது. லயத்தின் சுவரை இதைவிடக் கூர்மையாக வேறெந்த அறிக்கையும் அளந்ததில்லை.

இனி நம் குறையைச் சொல்வோம். ராமையாவின் கதையில் ஒரு தராசு இருக்கிறது. கொழுந்து மடுவத்தில் தொங்கும் தராசு. அங்கே உழைப்பு நிறுக்கப்படுகிறது. ஆனால் அந்தப் பெண் மாதச் சம்பளத்தோடு கடைவீதிக்கு இறங்கியதும் இன்னொரு தராசின் முன் நிற்கிறாள். அங்கே அவளுடைய உழைப்பின் பயன் நிறுக்கப்படுகிறது. முதல் தராசை நமது எழுத்தாளர்கள் நுணுக்கமாக எழுதினார்கள். இரண்டாம் தராசை அந்த நுணுக்கத்தோடு எழுதவில்லை. உற்பத்தியைச் சித்திரித்தவர்கள் விநியோகத்தை விட்டுவிட்டார்கள். சுரண்டலின் வட்டம் பாதியில் நிற்கிறது.

பின்னாளில் தெளிவத்தை ஜோசப் "குடை நிழல்" (2010) நாவலில் கொழும்புக்குச் சென்றுவிட்டார். தலைநகரில் தமிழன் ஒருவன் வாடகை வீட்டுக்கும் பொலிஸ் சந்தேகத்துக்கும் நடுவே படும் பாடு அதிலே பதிவாகியுள்ளது. ஒரு முனையில் "மீன்கள்", மறு முனையில் "குடை நிழல்". லயத்தின் சுவரும் தலைநகரின் சுவரும். இவ்விரு சுவர்களுக்கும் நடுவே உள்ள பாதையில் அந்த மனிதன் நாளும் நடந்துகொண்டிருக்கிறான். அந்தப் பாதையின் நடுவில்தான் யட்டியாந்தோட்டைகள் இருக்கின்றன.

*

இக்குறை ஏன் நேர்ந்தது? மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது வரலாற்றுக் காரணம். தோட்டம் நெடுங்காலம் உண்மையிலேயே ஒரு சிறையாக இருந்தது. வெளியார் உள்ளே வர அனுமதி வேண்டும். உள்ளே இருப்போன் வெளியேறத் துண்டு வேண்டும். அச்சிறையின் சுவரை எழுத்தில் எழுப்பிக் காட்டுவது அன்று போராட்டத்தின் ஒரு பகுதி. அக்காலத்து எழுத்தாளர் சிறைக்குள் நின்று எழுதியது நியாயம். காவல் தளர்ந்து, பிள்ளைகள் வெளியேறி, முதியோர் மட்டும் பின்தங்கியிருக்கும் காலத்திலும் அதே சுவரை மட்டும் எழுதிக்கொண்டிருப்பது பழக்கத்தின் விளைவே.

இரண்டாவது, பூகோளக் காரணம். நமது மலையக இலக்கியத்தின் கண் பெரும்பாலும் ஹட்டன், தலவாக்கொல்லை, பதுளைப் பக்கத்து உயர்மலைகளைப் பார்த்தே பழகியது. அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை. கண்ணுக்கெட்டிய தூரம் தமிழ். சப்ரகமுவ அப்படியன்று. இங்கே தாழ்நிலத் தேயிலையும் இறப்பரும் கலந்து கிடக்கின்றன. தோட்டத்தின் எல்லையில் சிங்களக் கிராமத்தின் வேலி தொடங்குகிறது. தமிழர் இங்கே சிறுபான்மையினர். அதிலும் சிதறிக் கிடப்போர்.

வேலையே வேறு. கொழுந்து பறிப்பது கூட்டமாகச் செய்யும் வேலை. மலையில் வரிசை கட்டி நிற்பார்கள், பேச்சும் பாட்டும் உண்டு. பால்வெட்டு தனிமையில் நடக்கும் வேலை. விடியுமுன் கத்தியும் வாளியுமாக ஒருத்தி மரத்துக்கு மரம் போகிறாள். முதல்நாட் கோட்டின் கீழே மயிரிழை ஆழத்தில் கீறுகிறாள். கூடினால் மரம் கெடும், குறைந்தால் பால் வராது. சிரட்டையில் பால் சொட்டும். பிற்பாடு சேர்த்தெடுத்து நிறுக்கவேண்டும். உறைந்த ஒட்டுப்பாலுக்குத் தனிக் கணக்கு. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. பால்வெட்டு இல்லையேல் அன்றைக்குப் பேரில்லை. களனிப் பள்ளத்தாக்கோ இலங்கையிலேயே மழை மிகுந்த பகுதிகளுள் ஒன்று. மழையைப் பார்த்து மகிழ்ந்த கவிதைகள் தமிழில் ஆயிரம் உண்டு. மழையைப் பார்த்து மாதச் சம்பளத்தை மனக்கணக்குப் போடும் ஒரு பெண்ணின் மனநிலை, நம் இலக்கியத்தில் இன்னும் தனக்குரிய இடத்தைப் பெறவில்லை. தேயிலை மலையின் எழில் எழுத்தாளரைக் கவர்ந்தது. இறப்பர்க் காட்டின் இருள் கவரவில்லை போலும்.

மூன்றாவது, கொள்கைக் காரணம். இதனைச் சற்று விரித்துப் பேசவேண்டும். கடைவீதி சிறுமுதலாளிகளின் உலகம்; அதை எழுதத் தொடங்கினால் வர்க்கப் போராட்டத்தின் கூர் மழுங்கிவிடும்; உழைப்பவனின் இலக்கியம் உழைக்குமிடத்தை விட்டு நகரலாகாது என்ற ஓர் எண்ணம் நம்மவரிடையே உண்டு. எண்ணம் நேர்மையானது; ஆனால் பிழையானது.

*

தமிழிலேயே மறுப்பு இருக்கிறது. ரகுநாதனின் "பஞ்சும் பசியும்" (1953) தறியை மட்டும் எழுதி நிற்கவில்லை. நூல் எங்கிருந்து வருகிறது, துணி எங்கே போகிறது, நடுவே நிற்கும் வணிகன் என்ன செய்கிறான் என்ற சங்கிலி முழுவதையும் பிடித்தது. அதனாலேயே நெசவாளியின் பசிக்குக் காரணம் விளங்குகிறது. சுந்தர ராமசாமியின் "ஒரு புளியமரத்தின் கதை" (1966) ஒரு சந்தியையே கதாநாயகனாக்கியது. கடைக்காரர் போட்டி, நகரசபைத் தேர்தல், பத்திரிகை, வியாபார வெறி ஆகிய அனைத்தும் ஒரு மரத்தைச் சுற்றித் திரண்டு, இறுதியில் அந்த மரத்தையே பலிகொள்கின்றன. அந்நாவலின் அரசியல் நமக்கு உடன்பாடாக இல்லாமற் போகலாம். ஆனால் ஒரு சிறு நகரம் எப்படி ஒரு நாட்டின் மாறுதலைத் தன்னுள் காட்டும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

சிங்களத்தில் மார்ட்டின் விக்கிரமசிங்க "கம்பெரலிய" (1944), "யுகாந்தய" (1949), "கலியுகய" (1957) ஆகிய மூன்று நாவல்களில், தென்னிலங்கைக் கிராமத்து நிலவுடைமைக் குடும்பம் ஒன்று சிதைந்து, வணிகம் எழுந்து, கொழும்பின் முதலாளித்துவமாக மாறும் வழி முழுவதையும் நடந்து காட்டினார். கிராமத்துக்கும் கொழும்புக்கும் நடுவே அவர் எங்கும் குதிக்கவில்லை. நாம்தான் லயத்திலிருந்து கொழும்புக்கு ஒரே தாவாகத் தாவினோம்.

கடைவீதியில் வர்க்கம் மறைவதாகச் சொல்வோர் ஒரு சம்பள நாளில் அங்கே போய் நின்று பார்க்கட்டும். கடைக்காரனின் பற்றுக் கொப்பியில் ஒரு குடும்பத்தின் மாதம் முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது. என்ன உண்டார்கள், எந்த வாரம் சீனி வாங்கவில்லை, எந்த நாளில் மருந்து வாங்கினார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு. அடகு நிலையத்தின் கம்பிக்குப் பின்னால் பாடசாலை தொடங்கும் மாதத்தில் எத்தனை தாலிகள் தூங்குகின்றன என்பது ஒரு சமூகவியல் உண்மை. அதே கடைக்காரன் பெரிய மொத்த வியாபாரியிடம் கடன்பட்டவன். இனக் கலவரம் வந்தால் முதலில் எரிவது அவன் கடை. சுரண்டுபவனாகவும் அஞ்சுபவனாகவும் ஒரே மனிதன் நிற்கிறான். இத்தகைய முரண்பாட்டில் அன்றோ பாத்திரம் பிறக்கிறது? துரையைக் கொடியவனாகவும் கங்காணியைக் கையாளாகவும் தொழிலாளியைத் தியாகியாகவும் வார்க்கும் பழைய அச்சுகளை உடைக்க விரும்புவோனுக்குக் கடைவீதியே சிறந்த பள்ளி.

*

இன்னும் பெரிய முரண்பாடு ஒன்று இவ்வூரின் வரலாற்றிலேயே எழுதப்படாமல் கிடக்கிறது.

1934-35இல் இலங்கையை மலேரியாக் கொள்ளைநோய் தாக்கியது. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கேகாலை மாவட்டம் மிகக் கொடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று. அப்பொழுது சூரியமல் இயக்கத்து இளைஞர் இப்பள்ளத்தாக்கில் வீடு வீடாக மருந்தும் பருப்பும் கொண்டு சென்றனர். அவர்களில் ஒருவரான கலாநிதி என்.எம். பெரேராவுக்கு மக்கள் "பருப்பு மாத்தயா" என்று பெயரிட்டனர். அந்த அன்பே 1936இல் ருவான்வெல்லைத் தொகுதியில் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தை அவரும் அவருடைய கட்சியும் எதிர்த்து நின்றனர். 1960 முதல் 1977 வரை யட்டியாந்தோட்டைத் தொகுதியின் பிரதிநிதி அவரே.

ஆனால் எந்த மலைகளின் நடுவே அந்தத் தொகுதி இருந்ததோ, அந்த மலைகளின் மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு அப்பொழுது வாக்கில்லை. 1964 அக்டோபர் 30ஆந் திகதி சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரின் விதி பின்னர் என்று மனிதர் பங்கிடப்பட்டனர். அன்று நிதியமைச்சராக இருந்தவர் யட்டியாந்தோட்டையின் உறுப்பினர். 1970இல் மீண்டும் அவரே நிதியமைச்சர். 1975 வரை அப்பதவியில் இருந்தார். உலகெங்கும் எண்ணெய் விலையும் உணவு விலையும் ஏறிய 1973-74ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினி தாண்டவமாடியது. 1974இல் தோட்டப் பகுதியின் இறப்பு வீதம் கூர்மையாக உயர்ந்தது. மரவள்ளிக் கிழங்குக்கும் மாவுக்கும் கடைவீதியில் நீண்ட வரிசைகள் நின்றன.

கொள்ளைநோய்க் காலத்தில் பருப்பு சுமந்து வந்தவரின் நிதியமைச்சில், அதே பள்ளத்தாக்கு பசியால் வாடியது. இதற்கு ஒரு தனிமனிதரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது மலிவான காரியம். உலகச் சந்தை, கூட்டரசாங்கத்தின் கணக்கு, வாக்குள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் அரசியல் தரும் வெவ்வேறு விலை ஆகிய அனைத்தும் இதில் பின்னிக் கிடக்கின்றன. இடதுசாரி இயக்கத்தின் மகத்துவத்தையும் வீழ்ச்சியையும் ஒரே வீதியில், ஒரே தலைமுறையின் கண்களால் காட்டக்கூடிய நாவல் இது. ஒரு முதியவர் 1935இல் பருப்பு வாங்கிய கையை 1974இல் மாவு வரிசையில் நீட்டுகிறார் என்று தொடங்கினாலே போதும். முற்போக்கு எழுத்தாளர் தம் சொந்த இயக்கத்தின் முரண்பாட்டை எழுதத் தயங்கினால், அதை எழுதும் உரிமையை எதிரிக்கு விட்டுக்கொடுத்தவர் ஆவர்.

*

கடைவீதியை எழுதுங்கள் என்றவுடன் "மண்வாசனை" என்ற சரக்கைக் கொண்டு வந்து இறக்குவோரும் இருப்பர். அவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. யட்டியாந்தோட்டைக்கு மேலே கித்துல்கலையில் "குவாய் நதிப் பாலம்" என்ற ஆங்கிலத் திரைப்படத்துக்காக மரப்பாலம் ஒன்று கட்டி வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1957இல் படம் வெளிவந்தது, உலகம் பாராட்டியது. பர்மா-சயாம் மரண ரயில்பாதையின் கதை அது. அந்த உண்மைப் பாதையிலே செத்தவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர். படத்தில் அவர்களுக்கு இடமில்லை. தமிழ்த் தொழிலாளர் வாழும் ஒரு பள்ளத்தாக்கிலே, தமிழ்த் தொழிலாளரின் சுடுகாடான ஒரு பாதையை, தமிழ்த் தொழிலாளர் இல்லாமலே படம் பிடித்தார்கள்! இன்றும் உல்லாசப் பயணிகள் அந்தப் பொய்ப்பாலம் நின்ற இடத்தைத் தேடி இவ்வீதி வழியே போகிறார்கள். ஊருக்குள் உண்மையாகவே வந்து உண்மையாகவே மறைந்த புகையிரதப் பாதையைக் கேட்பாரில்லை. காட்சிக்காக எழுதப்படும் மண்வாசனையும் அந்தப் பாலத்தைப் போன்றதே; நதியும் காடும் அசல், பாலம் மட்டும் ஒப்பனை.

மொழி விடயத்திலும் ஒரு சொல். அறுபதுகளின் தொடக்கத்தில் பேச்சுத் தமிழை "இழிசனர் வழக்கு" என்று பழித்த பண்டிதர்களோடு நமது எழுத்தாளர் வாதாடி வென்றனர். அந்த வெற்றியினால்தான் லயத்துப் பேச்சு அச்சேறியது. யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் அதற்கடுத்த கட்டம் காத்திருக்கிறது. கடைவாசலில் ஒரு தாய் மகளிடம் தமிழில் பேசி, கடைக்காரரிடம் "முதலாளி மாத்தயா" என்று சிங்களத்துக்குத் தாவி, தன் முறை வந்ததும் தமிழிலேயே முணுமுணுக்கிறாள். மகள் பதிலைச் சிங்களத்தில் சொல்கிறாள். இந்த மூன்று வாக்கியங்களில் அச்சமும் உறவும் பிழைப்பும் தலைமுறை இடைவெளியும் அடங்கியிருக்கின்றன. இதனைத் தூய தமிழாக்கி எழுதுபவன் அந்த வாழ்க்கையையே பொய்யாக்குகிறான்.

அந்த மகளின் பதில் சிங்களத்தில் வந்தது ஏன் என்பதில்தான் இக்கட்டுரையின் முழுக் கவலையும் இருக்கிறது. சப்ரகமுவத்தில் உயர்தரம் வரை, அதிலும் விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்கக்கூடிய தமிழ்ப் பாடசாலைகள் அரியன. பக்கத்துச் சிங்களப் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. பிழைப்புக்கு வழி தேடுவோருக்கு மொழிப்பற்றை உபதேசிப்பது எளிது. அயலாரின் மொழியைக் கற்பது நன்மையே; இரு இனத்து உழைப்பாளரும் ஒருவரையொருவர் அறிய அது வழி. ஆனால் தன் மொழியில் தன்னைக் காணாத பிள்ளை, அம்மொழியை வீட்டுக்குள் மட்டும் பேசும் பேச்சாகவே எண்ணும். அவள் கையில் ஒரு தமிழ்க் கதை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் கங்காணியும் துரையும் வருகிறார்கள். அவர்களை அவள் பாட்டியின் வாயாற் கேட்டிருக்கிறாள். அவள் அறிந்த பஸ் நிலையமும் தனியார் வகுப்பும் ஆடைத் தொழிற்சாலைக்கு ஆள் சேர்க்கும் துண்டுப் பிரசுரமும் தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து பெட்டியோடு வந்திறங்கும் அண்ணனும் அதில் இல்லை. புத்தகத்தை மூடிவிடுவாள். மூடிய அந்தப் புத்தகத்தை மறுபடி திறக்க அவளை யார் அழைக்கப் போகிறார்கள்?

2023இல் மலையக மக்கள் தம் வருகையின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். முன்னோர் நடந்த பாதையைப் பேரர் நடந்து காட்டியது பெருமைக்குரிய நிகழ்ச்சி. இலக்கியம் அந்த முதற் பாதையை எழுதிவிட்டது. இரண்டாம் பாதை மிகக் குறுகியது. லயத்துப் படியிலிருந்து கடைவீதி வரை இரண்டு மூன்று மைல் இறக்கம். அங்கிருந்து கொழும்பு பஸ்.

இளம் எழுத்தாளரை நாம் கேட்டுக்கொள்வது பெரிதொன்றுமில்லை. அடுத்த சம்பள நாளில் பேனாவும் கொப்பியுமாக அந்த இறக்கத்தில் உங்கள் மக்களோடு இறங்குங்கள். கடையின் தராசுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.